கராஜ் கதவைத் தூக்கிறது மோட்டர் இல்லை

ஜனவரி பிறந்தாக் காணும், எங்கட ஆக்களின்ர வாட்ஸ்அப் குரூப் ஏதாவது ஒண்டில இந்தக் கேள்வி வந்து விழும்: "கராஜ் மோட்டர் பழுதாப் போட்டுது, மாத்தித் தாற ஆள் ஆரும் தெரியுமோ?" உடன பத்துப் பேர் பத்து நம்பர் போடுவினம், ரெண்டு பேர் "அரைக் குதிரைவலு காணாது, முக்கால் போடுங்கோ" எண்டுவினம், ஒராள் "குளிருக்கு மோட்டர் உறைஞ்சிருக்கும், ஹீட்டர் பிடிச்சுப் பாருங்கோ" எண்டுவார். கதவுக்கு மேல நிமிர்ந்து பாத்தனீங்களோ எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்.

நானும் அப்பிடிக் கேட்ட ஆள்தான். கனடாவில, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில இருக்கிற மார்க்கம் எண்ட ஊரில புது வீடு வாங்கி எட்டாவது வின்ரர், விடிய ஆறு மணி, வெளியில மைனஸ் 23, கராஜுக்குள்ள 'டமார்' எண்டு ஒரு சத்தம். ஊரில இருந்து வந்த ஆக்களுக்கு அந்த மாதிரிச் சத்தம் கேட்டா முதல் என்ன ஞாபகம் வரும் எண்டு சொல்லத் தேவையில்லை, அம்மா கட்டிலால இறங்கி நிலத்தில குந்தியிட்டா. ஓடிப்போய் லைட்டைப் போட்டுப் பாத்தா கார் அப்பிடியே நிக்குது, கதவு அப்பிடியே இருக்கு, ஒண்டும் விழேல்ல. சுவிச்சை அமத்தினா மோட்டர் முனகுது, கதவு நாலு இஞ்சி எழும்பிட்டு நிண்டிட்டுது. சரி, மோட்டர் முடிஞ்சுது எண்டு நானே தீர்ப்பு எழுதியிட்டன்.

ஃபோனில பிடிச்ச முதல் ஆள் வந்து பாக்காமலே புது மோட்டருக்கு விலை சொன்னார். ரெண்டாவதா வந்தவர் கொஞ்சம் வயசான ஒரு அண்ணை, அவர் மோட்டரைத் தொடவே இல்லை, கதவுக்கு மேல ரோச் அடிச்சுக் காட்டினார். அங்க குறுக்கால கிடந்த கறுப்பு ஸ்பிரிங் நடுவில ரெண்டு விரல் அகலத்துக்கு வாய் பிளந்து நிக்குது. "மோட்டர் பாவம் தம்பி, அதில ஒரு பிழையும் இல்லை" எண்டார்.

எட்டு வருஷமா ஒவ்வொரு நாளும் அந்தக் கதவுக்குக் கீழால போய் வந்திருக்கிறன், அந்த ஸ்பிரிங்கை அண்டைக்குத்தான் முதல்முதல் பாத்தன்.

துலா தெரிஞ்ச ஆக்களுக்குக் கராஜ் கதவும் தெரியும்

யாழ்ப்பாணத்துக் கிணத்தடியில துலா பாத்திருப்பியள், பாக்காத பிள்ளையள் அம்மம்மாவைக் கேளுங்கோ. ஆடுகாலில ஒரு நீட்டு மரம் ஏறி இறங்கி ஆடும், ஒரு நுனியில கயிறும் வாளியும், மற்றப் பக்கம் மொத்தமான அடிப்பக்கம், பாரம் காணாட்டி அதில கல்லும் கட்டி விடுவினம். வெறும் வாளியைக் கிணத்துக்குள்ள இறக்கேக்க கயித்தைக் கொஞ்சம் அமத்தி இழுக்கவேணும், ஆனா தண்ணி நிரம்பின வாளி மேல வரேக்க கை நோகாது, ஏனெண்டா அங்கால இருக்கிற பாரம் தன்ர பாட்டில கீழ போகப் பாக்குது, அது கீழ போகப் போக இஞ்சால வாளி மேல வருது. பத்து வயசுப் பெடியனும் அள்ளலாம்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ, தண்ணியைத் தூக்கினது ஆர்? பெடியனோ? இல்லை, அந்தக் கல்லு. பெடியன்ர கை வழி காட்டினது மட்டும்தான். ராத்திரி ஆரோ வந்து கல்லை அவிட்டுக்கொண்டு போனா, விடிய அதே பெடியன் அதே கயித்தைப் பிடிச்சு இழுத்துப்போட்டு "எனக்குக் கையில பலமில்லை" எண்டு அழுவான். கையில ஒரு குறையும் இல்லை, கல்லுத்தான் இல்லை.

கராஜ் கதவில அந்தக் கல்லுத்தான் ஸ்பிரிங். அந்தப் பெடியன்தான் மோட்டர்.

ஒரு பாரத்தைத் தூக்கிறதுக்கு மற்றப் பக்கத்தில அதே அளவு இழுவையை வைச்சுச் சமப்படுத்திற இந்த வேலைக்கு எதிர்ப்பாரம் எண்டு பேர். ரெண்டு கார் விடுற 16 அடி அகலக் கதவு, இன்சுலேஷன் போட்ட உருக்குத் தகடு எண்டா 150 இல இருந்து 250 றாத்தல் வரைக்கும் வரும், மரக் கதவெண்டா இன்னும் கூட. ஊரில அம்பது கிலோ அரிசி மூட்டை ரெண்டை ஒண்டா நினைச்சுப் பாருங்கோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஆனா எதிர்ப்பாரம் சரியா இருந்தா அதே கதவை நீங்கள் ஒரு கையால தூக்கலாம், உண்மையாவே ஒரு கை காணும்.

ஸ்பிரிங் எப்பிடித் தூக்குது

கல்லு கட்டித் தொங்கவிட வீட்டுக்குள்ள இடமில்லை, அதுக்குப் பதிலாத்தான் ஸ்பிரிங். ஈரச் சாரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு முறுக்கிப் பிழிஞ்சிருப்பியள், நல்லா முறுக்கினாப் பிறகு ஒரு கையை விட்டா அது 'விர்' எண்டு திரும்பிச் சுத்தி அவிழப் பாக்கும். உடுப்புக் காயப்போடுற கிளிப்பிலயும் அந்த மாதிரி ஒரு சின்னச் சுருள்தான் இருக்கு. முறுக்கி வைச்ச பலத்தைத் திருப்பித் தாற ஸ்பிரிங்குக்கு டோர்ஷன் ஸ்பிரிங் எண்டு சொல்லுவினம், உங்கட கதவுக்கு மேல குறுக்கால இருக்கிறது பெரும்பாலும் அதுதான்.

அது ஒரு இரும்புக் குழாயில கோத்திருக்கும். ஸ்பிரிங்கின்ர ஒரு முனை சுவரில அடிச்ச தகட்டோட இறுக்கம், மற்ற முனை குழாயோட இறுக்கம். குழாயின்ர ரெண்டு அந்தத்திலயும் கிணத்துக் கப்பி மாதிரி ஒவ்வொரு உருளை, ட்ரம் எண்டுவினம். ட்ரம்மில இருந்து உருக்குக் கம்பிக் கயிறு ஒண்டு, அதாவது கேபிள், கீழ இறங்கி கதவின்ர அடி மூலையில போய்ப் பிடிச்சிருக்கும்.

கதவு மூடியிருக்கேக்க ஸ்பிரிங் முழு முறுக்கில இருக்கு. ஏழடி உயரக் கதவுக்கு சாதாரணமா ஒரு ஏழரைச் சுத்து முறுக்குவினம் (ஏழரை எண்டவுடன பயப்பிடாதேங்கோ, சனிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, பிறகு வரப்போற பகுதியில பயப்பிடலாம்). கதவு மேல போகத் தொடங்க ஸ்பிரிங் அவிழுது, குழாயைச் சுத்துது, ட்ரம்மில கேபிள் சுத்துது, கேபிள் கதவை இழுத்துத் தூக்குது.

இதில எனக்கு நல்லாப் பிடிச்ச விஷயம் ஒண்டிருக்கு. ஸ்பிரிங் அவிழ அவிழ அதின்ர பலம் குறையும்தானே, அப்ப பாதி வழியில கதவு விழவேணுமே, ஏன் விழேல்ல? ஏனெண்டா கதவு மேல போகப் போக அதின்ர ஒவ்வொரு பலகையா வளைஞ்சு கூரைப் பக்கம் போற ட்ராக்கில, அதாவது தண்டவாளம் மாதிரி இருக்கிற இரும்புப் பாதையில, படுத்திடுது. படுத்த பலகையின்ர பாரத்தை ட்ராக் தாங்குது, தொங்கிற பலகையின்ர பாரத்தை மட்டும்தான் ஸ்பிரிங் தாங்கவேணும். அதாலதான் கதவின்ர பாரமும் குறையுது, ஸ்பிரிங்கின்ர பலமும் குறையுது, ரெண்டும் ஒண்டா இறங்குது. அதுக்காகத்தான் ஒவ்வொரு கதவுக்கும் அதின்ர நிறைக்கு ஏத்த ஸ்பிரிங் தேடிப் போடவேணும், பக்கத்து வீட்டுக் கதவின்ர ஸ்பிரிங் உங்கட கதவுக்குச் சரிவராது.

சில பழைய வீடுகளில குறுக்கால ஒண்டும் இருக்காது, பக்கத்து ட்ராக்குகளுக்கு மேல நீளமா ரெண்டு ஸ்பிரிங் கிடக்கும், அது முறுக்கிறதில்லை, றப்பர் பாண்ட் மாதிரி இழுபடுறது. வேலை ஒண்டுதான். அப்பிடி இருந்தா அதுக்கு நடுவால ஒரு பாதுகாப்புக் கம்பி போகுதோ எண்டு மட்டும் பாருங்கோ, இல்லாட்டி அறுந்த அண்டைக்கு அது பறந்து போய் கார்க் கண்ணாடியிலயோ ஆளிலயோ அடிக்கும்.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: பாரத்தைத் தாங்கிறது ஸ்பிரிங், அந்தப் பலத்தைக் கதவுக்குக் கொண்டுபோறது கேபிள். மோட்டர் இன்னும் கதைக்குள்ளயே வரேல்ல.

அப்ப மோட்டர் எதுக்கு

சரித்திரமும் இந்த ஒழுங்கிலதான் போகுது. அமெரிக்காவில சி. ஜி. ஜோன்சன் எண்டவர் மேல தூக்கித் திறக்கிற கதவைச் செய்தது 1921 இல, அதை மின்சாரத்தால திறக்கிற மெஷினைச் செய்தது 1926 இல. இடையில அஞ்சு வருஷம் சனம் கையாலதான் தூக்கினது. கையால தூக்கக் கூடிய கதவு இருந்தபடியாத்தான் அதுக்கு ஒரு சின்ன மோட்டர் பூட்டலாம் எண்ட யோசனையே வந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

கூரையில தொங்கிற பெட்டிக்கு ஓப்பனர் எண்டு பேர், நாங்கள் எல்லாரும் மோட்டர் எண்டுதான் சொல்லுறம், நானும் அப்பிடியே எழுதுறன். அதின்ர வேலை மூண்டு. கதவை அசைக்கத் தொடங்கிறது, போற வேகத்தைக் கட்டுப்படுத்திறது, மூடினாப் பிறகு வெளியில இருந்து ஆரும் தூக்காமப் பிடிச்சிருக்கிறது. 200 றாத்தலைத் தனிய இழுக்கிறதுக்கு அதைச் செய்யேல்ல.

செயின் போட்ட மோட்டர் கனக்கதில உள்ளுக்க இருக்கிற பல்லுச் சில்லு இரும்பில்லை, நைலோன். ஸ்பிரிங் தளர்ந்து போய், கதவு பாரமாகி, அதைத் தெரியாம நீங்கள் மாசக்கணக்கா சுவிச்சை அமத்திக்கொண்டிருந்தா அந்த நைலோன் பல்லுத் தேஞ்சு தேஞ்சு கொட்டும். மோட்டருக்குக் கீழ, இல்லாட்டி மூடியைக் கழட்டினா உள்ளுக்க, தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளையா ஒரு தூள் கிடந்தா அதுதான். அந்த நேரம் புது மோட்டர் வாங்கிப் பூட்டினா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஓடும், பிறகு அதுவும் அரிஞ்சு கொட்டும், சனம் "இந்தக் காலத்துச் சாமான் ஒண்டும் சரியில்லை" எண்டும்.

இன்னொரு பிழையும் கனபேர் செய்யினம். பழைய மோட்டர்களில எவ்வளவு பலத்தோட இழுக்கவேணும், எவ்வளவு பலத்தோட அமத்தவேணும் எண்டு கூட்டிக் குறைக்கிற திருகு இருக்கு. வின்ரரில கதவு இடையில நிண்டா அந்தத் திருகைக் கூட்டி விடுறது. கதவு திறக்கும், உண்மைதான். ஆனா அந்தப் பலம் எதுக்கு அளந்து வைச்சிருக்கெண்டா, கீழ வரேக்க ஒரு குழந்தையிலயோ சைக்கிளிலயோ முட்டினா மோட்டர் அதை உணர்ந்து திரும்ப மேல போறதுக்கு. கூட்டினா அந்த உணர்ச்சி மரத்துப் போகும். ரெண்டுக்கு நாலு மரக்கட்டை ஒண்டைக் கதவுக்கு நேர கீழ தட்டையாப் படுக்க வைச்சுப்போட்டு மூடிப் பாருங்கோ, கட்டையில பட்டவுடன கதவு திரும்பி மேல போகவேணும், போகாட்டி அந்தக் கதவை மோட்டரால பாவிக்கிறதை அண்டைக்கே நிப்பாட்டுங்கோ.

குளிருக்கு ஏன் உடையுது

"குளிருக்கு இரும்பு சுருங்கும், அதால உடையுது" எண்டதுதான் எல்லாரும் சொல்லுற விளக்கம். சுருங்கிறது உண்மை, ஆனா எவ்வளவு? கோடையில 30 பாகை, வின்ரரில மைனஸ் 20, அம்பது பாகை வித்தியாசத்துக்கு 16 அடி உருக்குக் கதவு முழுக்கச் சேர்ந்து சுருங்கிறது ஒரு மூண்டு மில்லிமீற்றர், ரெண்டு குவாட்டர் காசை ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்ச மொத்தம். ஓரத்து றப்பர் விலகிக் காத்து வாறதுக்கு அது காணும், ஸ்பிரிங்கை முறிக்கிறதுக்குக் காணாது.

உண்மையான காரணம் வயசு. கட்டுக்கம்பியை முறிக்கிறதுக்குக் குறடு இல்லாட்டி என்ன செய்யிறனீங்கள்? ஒரே இடத்தில அங்கால இஞ்சால மடக்கி மடக்கி, பத்தாவது பதினஞ்சாவது தரம் 'டக்' எண்டு முறியும். ஒவ்வொரு மடக்கிலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெடிப்பு வளருது. ஸ்பிரிங்கும் அதுதான், ஒவ்வொரு தரம் முறுகி அவிழேக்கயும் கொஞ்சம் கொஞ்சமாக் களைக்குது, பதினஞ்சு தரத்துக்குப் பதிலாப் பத்தாயிரம் தரம் தாங்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்தாயிரம் எண்டது சும்மா வாயில வந்த கணக்கில்லை. கதவு ஒருக்காத் திறந்து ஒருக்கா மூடினா அது ஒரு சைக்கிள் (ஓடுற சைக்கிள் இல்லை, ஒரு சுற்று எண்டு வையுங்கோ). சாதாரண வீட்டு ஸ்பிரிங்கை 10,000 சைக்கிளுக்கு எண்டு கணக்குப் போட்டுத்தான் செய்யினம். விடிய வேலைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிவர, பின்னேரம் கடைக்கு, ராத்திரி குப்பை வைக்க, ஒரு நாளைக்கு நாலு தரம் எண்டா வருஷத்துக்கு 1,460. ஏழு வருஷத்தில 10,220. எங்கட வீட்டில எட்டாவது வின்ரர் ஏன் வெடிச்சது எண்டு இப்ப விளங்குதோ? வீட்டின்ர முன்கதவைத் திறக்காமக் கராஜாலயே எல்லாரும் போய் வாற வீடெண்டா நாளைக்கு எட்டுத் தரம் கூட வரும், அந்தக் கணக்கில மூண்டரை வருஷம்தான்.

அப்ப குளிருக்குப் பங்கில்லையோ எண்டா, இருக்கு. ஏற்கெனவே வெடிப்பு விழுந்து கடைசி மூச்சில நிக்கிற ஸ்பிரிங்குக்குக் குளிர் வந்து முடிச்சு வைக்குது. கடுங்குளிரில உருக்கு வளைஞ்சு குடுக்கிற தன்மை குறைஞ்சு, வெடிப்பு ஓடுறது லேசாகுது. அதோட ராத்திரி முழுக்கக் கதவு மூடித்தான் இருக்கு, மூடின கதவெண்டா ஸ்பிரிங் முழு முறுக்கில, ஆகக் குளிர் கூடின நேரம் விடியப்புறம். அதாலதான் ஒருத்தரும் சுவிச்சைத் தொடாம, எல்லாரும் படுத்திருக்கேக்க, தன்ர பாட்டில வெடிக்கிறது.

மசகும் ஒரு காரணம். குசினியில தேங்காயெண்ணெய்ப் போத்தில் வின்ரரில என்ன மாதிரி இருக்கு? கரண்டியால தோண்டித்தான் எடுக்கிறம். பழைய கிரீஸும் அப்பிடித்தான், ட்ராக்கில ஓடுற சின்னச் சில்லு, அதாவது ரோலர், சுத்தாம இழுபடும், கதவு பாரமாகும்.

ஒன்ராறியோவில ரோட்டுக்குப் போடுற உப்பையும் மறக்கக்கூடாது. கார்ச் சில்லில ஒட்டி வாற ஸ்னோ கராஜுக்குள்ள உருகி, உப்புத்தண்ணியா ஓடிப்போய்த் தேங்கிறது கதவடியில. கேபிள் வந்து பிடிக்கிற அடி மூலைத் தகடும் அங்கதான் இருக்கு. கேபிள் அறுந்து போற இடம் கூடுதலா அந்தக் கடைசி ரெண்டு மூண்டு இஞ்சிதான். ரோச் அடிச்சுப் பாருங்கோ, கம்பி இழை ஒண்டு ரெண்டு பிரிஞ்சு முள்ளு மாதிரி நிண்டாலோ, செம்மண் நிறத்தில துரு பிடிச்சிருந்தாலோ அது அறப்போகுது. கையால தடவிப் பாக்க வேண்டாம், கிழிச்சுப்போடும்.

ஆக, இரும்பு சுருங்கிறது கொஞ்சம், ஸ்பிரிங்குக்கு வயசுதான் கனக்க, கேபிளுக்கு உப்பு, குளிர் நாள் குறிக்கிற ஆள்.

வீட்டிலயே பாக்கிற ஒரு சோதனை

மோட்டர் ரெயிலில இருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், கனபேர் அதை அலங்காரம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். அதை இழுத்தா மோட்டருக்கும் கதவுக்கும் இருக்கிற தொடர்பு விடுபடும், பிறகு கதவு கைக்கதவு.

கதவு நல்லா மூடியிருக்கேக்க மட்டும் அதை இழுங்கோ. இதைத் திரும்பவும் சொல்லுறன், மூடியிருக்கேக்க மட்டும். மேல நிக்கிற கதவில ஸ்பிரிங் முறிஞ்சிருந்து நீங்கள் கயித்தை இழுத்தா ரெண்டு அரிசி மூட்டையும் ஒண்டா உங்கட தலையில வரும்.

இழுத்திட்டுக் கையால மெதுவாத் தூக்குங்கோ. இடுப்பளவு, அதாவது பாதி உயரத்தில, கையை எடுத்திடாம லேசாத் தளர்த்திப் பாருங்கோ. கதவு அங்கயே நிண்டா எதிர்ப்பாரம் சரி. கீழ சரிஞ்சா ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. தன்ர பாட்டில மேல ஓடினா முறுக்குக் கூடிப்போச்சு. அசையவே இல்லை, நிலத்தோட ஒட்டின மாதிரி கிடக்கெண்டா மேல பாருங்கோ, ஸ்பிரிங்கில இடைவெளி தெரியும். அந்த நிலைமையில சுவிச்சை அமத்தி அமத்திப் பாக்கிறதை விடுங்கோ, நான் அண்டைக்கு ஆறு ஏழு தரம் அமத்தினனான், அந்த அண்ணை தலையில கை வைச்சார்.

கார் உள்ளுக்க மாட்டுப்பட்டு, வேலைக்குப் போயே ஆகவேணும் எண்டா ரெண்டு மூண்டு பலமான ஆக்கள் சேர்ந்து தூக்கலாம்தான், ஆனா தூக்கினதைப் பிடிச்சிருக்க ட்ராக்கில ரோலருக்குக் கீழ இறுக்கிற குறடு ஏதாவது போடவேணும், பலகை மடியிற இடுக்குகளில விரலை வைக்கக் கூடாது. என்னைக் கேட்டா ஊபர் மலிவு.

கதவு நிலத்தோட உறைஞ்சா

இது ஸ்பிரிங் கதையில்லை, ஆனா பாக்கிற ஆளுக்கு ஒரே மாதிரி இருக்கும்: சுவிச்சை அமத்தினா மோட்டர் முனகுது, கதவு வரேல்ல. வித்தியாசம் என்னெண்டா மேல ஸ்பிரிங் முழுசா இருக்கும், கீழ றப்பர் ஐசோட பிடிச்சிருக்கும். கார்ல இருந்து உருகின தண்ணி கதவடியில ஓடித் தேங்கி, ராத்திரி உறைஞ்சு, றப்பரைச் சீமெந்தோட ஒட்டி வைச்சிருக்கு.

இந்த நேரத்தில மோட்டரால இழுத்தா மூண்டில ஒண்டு கிழியும்: றப்பர், நைலோன் பல்லு, இல்லாட்டி மோட்டரின்ர கை வந்து பிடிக்கிற மேல்பலகை வளைஞ்சுபோகும். சிவப்புக் கயித்தை இழுத்துப்போட்டு, உள்ளுக்க நிண்டு காலால கதவடியில நாலைஞ்சு இடத்தில மெதுவாத் தட்டுங்கோ, பிறகு ஹெயார் டிரையரால றப்பரோரமாச் சூடு காட்டுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தலாம், ஆனா ஊத்தின கையோட துடைக்கவேணும், இல்லாட்டி பின்னேரம் அதைவிட மொத்தமா ஐஸ். கத்தி, மண்வெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் சுரண்டி காணும். உப்பை அள்ளிக் கொட்டுற ஆக்களும் இருக்கினம், சீமெந்தும் அரிக்கும், அந்த மூலைத் தகடும் துருப்பிடிக்கும், மேல சொன்னதைத் திரும்ப வாசியுங்கோ.

வராமத் தடுக்கிறது லேசு. ராத்திரிப் படுக்க முதல் கதவடித் தண்ணியைத் தள்ளித் துடைச்சு விடுறது, மாசத்துக்கு ஒருக்கா றப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே அடிக்கிறது. காய்ஞ்சு கல்லாகின றப்பரெண்டா புதுசு வாங்கிப் போடுங்கோ, இதை நீங்களே செய்யலாம்.

கீழ வந்து திரும்ப மேல போற கதவு

இது முக்கால்வாசி நேரம் சென்சர். கதவின்ர ரெண்டு பக்கமும் நிலத்தில இருந்து ஆறு இஞ்சிக்குள்ள ரெண்டு சின்னக் கண் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டிருக்கும், நடுவில ஏதாவது மறிச்சா கதவு மூடாது. அமெரிக்காவில 1993 இல இருந்து செய்யிற வீட்டு மோட்டர்களுக்கு, மறிப்பைக் கண்டா நிக்கிற இந்த மாதிரி ஏதாவது ஒரு பாதுகாப்பு இருக்கவேணும் எண்டு சட்டம் இருக்கு. வின்ரரில கண்ணில பனி படியும், சவளால தள்ளின ஸ்னோ முன்னால குவியும், தாழ நிக்கிற வின்ரர் வெயில் நேரா ஒரு கண்ணுக்குள்ள அடிக்கும். மெல்லிய துணியால துடைச்சு, ரெண்டும் நேருக்கு நேர் பாக்குதோ எண்டு பாருங்கோ. நூறு டொலர் குடுத்து ஆள் கூப்பிட்டுத் துடைப்பிச்ச ஆக்களை எனக்குத் தெரியும்.

எண்ணெய் எங்க, எங்க இல்லை

நவம்பரில ஒருக்கா, வின்ரர் முடிய ஒருக்கா. குளிருக்கு இறுகாத சிலிக்கோன் ஸ்பிரே, இல்லாட்டி வெள்ளை லிதியம் கிரீஸ் ஸ்பிரே வாங்குங்கோ. பலகையளைச் சேர்க்கிற பிணைச்சல், ரோலரின்ர நடு அச்சு, ஸ்பிரிங்கின்ர மேல்பக்கம், இவ்வளவும்தான். ட்ராக்குக்கு எண்ணெய் போட வேண்டாம், துணியால துடைச்சாக் காணும், போட்டா ஊத்தை ஒட்டிக் களியாகி வின்ரரில இறுகும். டபிள்யூடி-40 ஐ எல்லாத்துக்கும் அடிக்கிற பழக்கம் எங்கட ஆக்களுக்கு இருக்கு, எங்கட அப்பா அதை முழங்காலுக்கும் பூசினவர். அதின்ர பேரிலயே தண்ணியை விலத்திறது எண்டுதான் அர்த்தம் இருக்கு, பழைய ஊத்தையைக் கழுவ நல்லது, ஆனா நிண்டு மசகு குடுக்காது.

இதுகளைத் தொட வேண்டாம்

கதவுத் திருத்த வேலை முக்கால்வாசி ஆரும் செய்யலாம், றப்பர், ரோலர், பிணைச்சல், சென்சர். ஸ்பிரிங்கும், கேபிளும், கேபிள் பிடிச்சிருக்கிற அடி மூலைத் தகடும் அப்பிடியில்லை. அந்த ஏழரைச் சுத்து முறுக்கும் ஸ்பிரிங்கின்ர அந்தத்தில இருக்கிற ரெண்டு சின்னத் திருகாணியிலதான் நிக்குது. அதைத் தளர்த்திறதுக்கு முதல், அதே அந்தத்தில இருக்கிற துளையளுக்கெண்டே செய்த இரும்புக் கம்பி ரெண்டை மாறி மாறிச் செருகிப் பிடிக்கவேணும், சனம் அதுக்குப் பதிலா ஸ்குறூட்றைவரைச் செருகுது, அது வழுக்கினா ஸ்பிரிங் சுத்திற வேகத்தில கம்பி மணிக்கட்டையோ தாடையையோ தேடி வரும். அடி மூலைத் தகட்டுத் திருகாணிக்குச் சிவப்பு மை பூசியிருக்கும் கனக்க கதவுகளில, கதவு மூடியிருக்கேக்க அதைக் கழட்டினாலும் இதே கதைதான். யூடியூப்பில பாத்தா பத்து நிமிஷ வேலை. அந்த அண்ணையும் அரை மணித்தியாலத்தில முடிச்சார்தான், ஆனா அவர் முறுக்கேக்க முகத்தைக் கம்பிக்கு நேர வைக்காமப் பக்கத்தில விலத்தி நிண்டதைக் கவனிச்சன், முப்பது வருஷம் செய்த மனிசன் அப்பிடி நிக்கிறார்.

ரெண்டு ஸ்பிரிங் இருந்து ஒண்டு உடைஞ்சா ரெண்டையும் மாத்துங்கோ. இதை விற்பனைத் தந்திரம் எண்டு நானும் முதல் நினைச்சன். ஆனா ரெண்டும் ஒரே நாள் பூட்டினது, ஒரே பத்தாயிரம் ஓடினது, தம்பி போனா அண்ணனும் வெளிக்கிடுவார். கொஞ்சக் காசு கூடக் குடுத்தா 20,000 சைக்கிள் ஸ்பிரிங் போடலாம், கராஜாலயே புழங்கிற வீட்டுக்கு அது நட்டமில்லை.

கதவையே மாத்திறதெண்டா

பலகை அடியில துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தா, கார் இடிச்சு ரெண்டு மூண்டு பலகை மடிஞ்சா, மரம் உக்கினா மாத்துங்கோ. ஸ்பிரிங் உடைஞ்சதுக்காகக் கதவு மாத்திறது செருப்பு வார் அறுந்ததுக்குக் காலை வெட்டிற மாதிரி.

கடையில முதல் சொல்லுறது ஆர் வால்யூ. சூடு ஒரு பொருளுக்குள்ளால போறதை அது எவ்வளவு மறிக்குது எண்ட கணக்கு, கூடினா நல்லது. ஆனா விளம்பரத்தில போடுற இலக்கம் கனக்க நேரம் பலகையின்ர நடுப்பகுதிக்கு மட்டும் அளந்தது, பலகை சேருற இடுக்கும் ஓரத்து றப்பரும் அதில சேர்த்தியில்லை. ஹீட் பண்ணாத, மேல அறை இல்லாத கராஜுக்கு ஆகக் கூடின ஆர் வால்யூவுக்குக் காசு கொட்டுறதை விட நாலு ஓரத்துக்கும் நல்ல றப்பர் அடிக்கிறது புத்தி. கராஜுக்கு மேல படுக்கையறை இருந்தா கதை வேற, அதுக்குக் கதவோட கராஜின்ர கூரை இன்சுலேஷனையும் பாக்கவேணும்.

கராஜுக்குள்ளால வீட்டுக்குள்ள போற சின்னக் கதவையும் மறக்காதேங்கோ. கார்ப் புகை வீட்டுக்குள்ள வராம அது இறுக்கமா, தானா மூடுற மாதிரி இருக்கவேணும் எண்டு ஒன்ராறியோக் கட்டடச் சட்டத்தில இருக்கு. எங்கட வீடுகளில அதைத்தான் செருப்பு ஒண்டைச் செருகித் திறந்து வைக்கிறம், சாமான் இறக்கச் சுகம் எண்டு, உள்ளுக்க கார் சூடாகிக்கொண்டு நிக்கேக்க.

பழைய கதவில நுரைப் பலகை ஒட்டிச் சூட்டைப் பிடிக்கலாம் எண்டு என்ர மச்சான் ஒரு கிழமை மினக்கெட்டுச் செய்தவர். வடிவாத்தான் இருந்தது. ஆனா நுரையும், அதுக்கு மேல அடிச்ச மெல்லிய பிளைவுட்டும் சேர்ந்து கதவின்ர நிறை கூடிட்டுது, ஸ்பிரிங் பழைய நிறைக்கு முறுக்கினது, துலாவில வாளிக்குப் பதிலாப் பீப்பா கட்டின மாதிரி. ரெண்டு மாசத்தில கீழ வெள்ளைத் தேங்காய்ப்பூ. பெயின்ற் ஒரு பூச்சு அடிச்சாப் பரவாயில்லை, பலகை சேர்த்தா ஸ்பிரிங்கை மறு கணக்குப் பாக்கவேணும். புதுக் கதவு வாங்கேக்கயும் "பழைய ஸ்பிரிங் நல்லா இருக்கு, அதையே விடுவம்" எண்டு ஆரும் சொன்னா, கதவின்ர நிறை என்ன, அந்த ஸ்பிரிங் எத்தினை றாத்தலுக்கு எண்டு கேளுங்கோ, பதில் வராட்டி வேற ஆளைப் பாருங்கோ.

ஆளைக் கூப்பிடேக்க "மோட்டர் வேலை செய்யேல்ல" எண்டு சொல்லாதேங்கோ. "16க்கு ஏழு கதவு, மேல ரெண்டு டோர்ஷன் ஸ்பிரிங், ஒண்டு முறிஞ்சிட்டுது, ரெண்டும் மாத்த என்ன விலை, எத்தினை சைக்கிள்" எண்டு கேளுங்கோ, மற்றப் பக்கத்துக் குரல் மாறிறதை நீங்களே கேப்பியள். வேலை முடிஞ்சவுடன காசு குடுக்க முதல், கதவை மூடச் சொல்லி, அவருக்கு முன்னாலயே சிவப்புக் கயித்தை இழுத்து ஒரு கையால பாதி உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கோ. எங்கட வீட்டில அதை அம்மா செய்தவ, எழுபத்தொரு வயசு, வலது தோள் நோ. கதவு இடுப்பளவில அசையாம நிண்டது.

"அந்தக் காலத்தில துலாவை ஆள் ஏறி மிதிக்கிறது, இதை ஆர் மிதிக்கிறது?" எண்டு அம்மா கேட்டா.